குழந்தைகளும் காட்டு ஜீவராசிகளும்

குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துச்சென்று, அங்குள்ள செடிகொடிகளையும் பிராணிகளையும் நேரிலே காட்டிக் கற்பிப்பது நல்லதுதானா என்று கேட்டால், நல்லதே என்று சொல்லாதவர் இன்று ஒருவரும் இரார். ஆயினும் நம் பள்ளிகளில் பத்தாண்டு பயின்று வெளிவரும் மாணாக்கர், தாவரங்கள் உணவு சமைக்கும் விதத்தைப் பற்றி இரண்டு பக்கம் பிழையின்றி எழுத வல்லவராயிருந்தும், பள்ளி மதிலுக்கு வெளியே நிற்கும் உசிலைக்கும் வெள்வேலத்துக்கும் வேற்றுமை அறியாதவராகவே பெரும்பாலும் இருக்கின்றனர். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு காரியம் எவராலும் செய்யப்படாமற் கிடக்குமானால், அதைச் செய்யும் முறையில் ஏதோ தெளிவின்மை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். எந்தக் காட்டுக்குப் போவது, எந்தப் பிராயத்தில் போவது, உடன் செல்லுவோர் யார், போன இடத்தில் செய்வது என்ன, வரக்கூடிய அபாயங்கள் எவை என்னும் வினாக்களுக்கு வெவ்வேறு தேசத்தாரும் வெவ்வேறு காலத்தாரும் கூறிய விடைகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, நம் நாட்டுக்கு ஏற்றது எது என்று துணிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தைகளுக்கு இத்தகைய அறிவைக் கொள்ளும் சக்தி உண்டா என்ற சந்தேகத்தை முதலிலேயே விலக்கிவிடலாம். 2002-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து விலங்கியலார் சிலர், ஆங்கிலேயச் சிறுவர்களிடம் அந்நாட்டுச் செடி, பூச்சி, பறவை, விலங்குகளின் படங்களையும், ‘போக்கிமான்’ என்னும் ஜப்பானியக் கேளிக்கைச் சித்திரங்களில் வரும் கற்பனைப் பிராணிகளின் படங்களையும் காட்டிப் பெயர் சொல்லுமாறு கேட்டனர். எட்டு வயதுக் குழந்தைகள் கற்பனைப் பிராணிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பதை இனங்கண்டு கூறினர். தம் ஊர்த் தோட்டத்திலும் வயலிலும் வாழும் மெய்யான ஜீவன்களில் பாதியளவே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதைக் கேட்டுக் குழந்தைகளை நொந்துகொள்ளுவோர் உண்டு. எனக்கோ இது பெரியதொரு நம்பிக்கையையே அளிக்கிறது. நுட்பமான உருவ வேறுபாடுகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான உயிர்வகைகளைப் பிரித்தறியும் ஆற்றல் எட்டு வயதிலேயே முழுமையாக அமைந்திருக்கிறது என்பதும், அந்த ஆற்றலுக்கு நாம் இரை போடாதபோது வியாபாரிகள் போடுகிறார்கள் என்பதும் இதனால் விளங்குகின்றன அல்லவா?

தமிழருக்கு உயிர்வகைகளைப் பிரித்தறியும் ஆராய்ச்சி புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல் புல்லும் மரமும் முதலாக மனிதன் ஈறாக உள்ள உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து வைக்கிறது. வெளியிலே வயிரம் உடையதைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் பிரித்து, அந்தப் பிரிவினால் தென்னையும் பனையும் மூங்கிலும் வேம்பினின்றும் புளியினின்றும் வேறான குலத்தவை என்பதை உணர்த்துகிறது. கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. நிலங்களையே அவற்றின் செடிகளால் வழங்கிய ஒரு சமூகத்தில், காட்டைக் கற்பிப்பதற்கென்று தனியான உபாத்தியாயர் வேண்டியிருக்கவில்லை. ஆடு மேய்க்கப் போன சிறுவனும் விறகு பொறுக்கப் போன சிறுமியும் மூத்தோருடன் நடந்தே கற்றார்கள். அந்தப் பழக்கம் அற்றுப்போன பிறகுதான் காட்டுக் கல்வி என்பது பாடசாலையின் பொறுப்பாகிறது.

மேனாட்டில் அப்பொறுப்பை முதலில் உணர்ந்தவர்கள் தத்துவஞானி ரூஸோவின் வழிவந்தோர். 1762-இல் வெளிவந்த ‘எமீல்’ என்னும் நூலில் அவர் புத்தகத்துக்கு முன்னே பொருளைக் காட்ட வேண்டும் என்று வாதித்தார். கல்வியாளர்களான பெஸ்டலாட்ஸியும் ஃபுரோபெலும் அதை வகுப்பறையில் நடைமுறையாக்க முயன்றனர். ஆனால் பிராணி நூலைக் கற்பிக்கும் முறையையே மாற்றியவர் என்று சொல்லத் தகுந்தவர், அமெரிக்காவில் குடியேறிய சுவிட்ஸர்லாந்துப் பேராசிரியர் லூயி அகாஸி. புதிதாக வந்த மாணவனிடம் ஒரு மீனைக் கொடுத்து, இதைப் பார் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். அரை மணியில் எல்லாம் பார்த்தாயிற்று என்று எண்ணிய மாணவன், நாட்கணக்கில் அதையே திரும்பத் திரும்பப் பார்க்க நேர்ந்து, ஒவ்வொரு நாளும் முன்னாள் காணாததைக் கண்டு வியப்பான். 1873-இல் பெனிகீஸ் என்னும் சிறு தீவில் ஆசிரியர்களுக்கென்று ஒரு கோடைக்காலப் பள்ளியை அவர் நடத்தினார். அவ்வாண்டிறுதியிலேயே அவர் காலமாகிவிட்டபோதிலும், அங்கே பயின்றவர்கள் அம்முறையைத் தேசம் முழுவதும் கொண்டுசென்றனர்.

அடுத்து வந்த இயக்கம் பிறந்த காரணம் கவனிக்கத்தக்கது. 1890-களில் நியூயார்க் மாகாணத்தில் விவசாயம் நலிந்து, கிராமத்து இளைஞர் நகரங்களை நோக்கி ஓடத் தலைப்பட்டனர். மண்ணில் பற்று ஏற்பட வேண்டுமானால் மண்ணில் வாழ்வனவற்றைச் சிறுவயதிலேயே அறிந்திருக்க வேண்டும் என்று கருதிய கார்னெல் பல்கலைக்கழகத்தார், கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று சிறு பிரசுரங்களை வெளியிட்டனர். அப்பணியில் ஈடுபட்டிருந்த அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் அம்மையார், அவற்றை விரித்து 1911-இல் ஒரு பெருநூலாக்கினார். இன்றளவும் அச்சில் உள்ள அந்நூலில் அவர் வற்புறுத்தும் கருத்துகளுள் தலையாயது, ஆசிரியர் எல்லாம் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை என்பதே. எனக்குத் தெரியாது, நாம் சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று மாணவர் முன் சொல்லத் துணிந்த ஆசிரியரே காட்டுக்குப் போகத் தகுந்தவர் என்பது அவர் துணிபு. நம் நாட்டில் எத்தனையோ ஆசிரியர்கள் வெளியே போகத் தயங்குவதற்கு உண்மையான காரணம் பாம்புப் பயமோ பாட நெருக்கடியோ அன்று. குழந்தை ஒரு செடியைச் சுட்டி, இது என்ன என்று கேட்டால் விடை தெரியாமற்போகுமே என்ற கூச்சந்தான். காம்ஸ்டாக் அம்மையாரின் உபதேசம் அந்தக் கூச்சத்துக்கு மருந்து.

இந்தியாவில் ரவீந்திரநாதர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1928-இல் மரம் நடுவதை ஓர் உற்சவமாகவே அங்கு ஏற்படுத்தினார். 1937-இல் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலை நடுவில் வைத்து, சுற்றியுள்ள இயற்கையையும் சமூகத்தையும் அதனோடு இணைத்தது. இவ்விரண்டும் உயர்ந்த முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றில் இயற்கை பெரும்பாலும் மனத்தைப் பண்படுத்தும் சூழலாகவும், மற்றொன்றில் உழைப்பின் களமாகவும் நின்றதேயன்றி, ஓர் எறும்பையோ ஒரு கொடியையோ அதன்பொருட்டே ஆராயும் பழக்கம் இரண்டிலும் போதிய அளவு வேரூன்றவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வட ஐரோப்பியர் வேறொரு வழியிற் சென்றனர். 1950-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் எல்லா ஃபிளாட்டாவ் என்னும் தாயார், தம் குழந்தைகளையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச்சென்றதிலிருந்து காட்டுக் குழந்தைப் பள்ளிகள் தோன்றின. 1957-இல் சுவீடனில் கோஸ்டா ஃபுரோம் சிறுவர்களுக்கான காட்டு இயக்கம் ஒன்றை ஆரம்பித்தார். ஜெர்மனியில் 1993-இல் ஃபிளென்ஸ்பர்க் நகரத்துப் பள்ளி அரசாங்க அங்கீகாரம் பெற்ற பின், இன்று அந்நாட்டில் அவை ஆயிரத்துக்கு மேற்பட்டு விளங்குகின்றன. சுவரும் கூரையுமின்றி, மழையிலும் பனியிலும் மூன்று வயதுக் குழந்தைகள் மரத்தின்மீது ஏறியும் சேற்றில் அளைந்தும் நாள் முழுவதும் கழிக்கும் இப்பள்ளிகளை நம்மவர் சிலர் அப்படியே பெயர்த்துக் கொண்டுவர விரும்புகிறார்கள். சித்திரை வெயிலில் நண்பகலில் குழந்தைகளை வெளியே நிறுத்தலாகாது என்பது ஒருபுறமிருக்க, அப்பள்ளிகளின் நோக்கம் விளையாட்டும் உடலுறுதியும் தன்னம்பிக்கையுமேயன்றி, உயிர்களைக் கூர்ந்து கற்பதன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஐந்து வயது வரையில் அது போதும். அதன் பிறகு போதாது.

இங்கே அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ரேச்சல் கார்சன் அம்மையாரின் கருத்தை எடைபோட வேண்டும். 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர், குழந்தைக்கு அறிவதைக் காட்டிலும் உணர்வதே முக்கியம் என்றும், பெயர்களைக் கற்பிக்கும் அவசரத்தில் வியப்பைக் கெடுத்துவிடலாகாது என்றும் எழுதினார். மெயின் மாகாணத்துக் கடற்கரையிலும் காட்டிலும் சகோதரி மகளின் மகனான சிறு குழந்தையைத் தோளில் சுமந்து திரிந்த அனுபவத்தினின்று பிறந்த வார்த்தை அது. இதை நான் பாதி ஒப்புகிறேன். எட்டு ஒன்பது பிராயத்தில் குழந்தைகளுக்குப் பெயர்ப்பசி என்று ஒன்று தானாகவே உண்டாகிறது; அப்போது பெயரை மறைப்பது கொடுமை. ஆனால் கண்டதும் பெயரைச் சொல்லிவிட்டால், பார்வை அந்தக் கணத்தோடு நின்றுவிடுகிறது. கைபேசியிற் படம்பிடித்துக் காட்டினால் செடியின் பெயரை உடனே கூறும் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில், இந்தத் தீமை முன்னிலும் பெரிது. பூவை எண்ணி, இலையைக் கசக்கி முகர்ந்து, தண்டு வட்டமா சதுரமா என்று விரலால் தடவி, காகிதத்தில் வரைந்து முடித்த பிறகு பெயரைச் சொல்லட்டும். அந்தப் பெயர் அவ்வளவு விவரங்களையும் தன்மேல் தாங்கி ஞாபகத்தில் நிற்கும். சொல்லும் பெயரும் முதலில் ஊர்ப்பெயராகவே இருக்கட்டும். வீரை, காசான், கிளா, சூரை, காரை என்று தாத்தா பாட்டிமார் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவருவதே குழந்தைகளுக்கு ஒரு நல்ல பயிற்சி. சாஸ்திரப் பெயர் பின்னால் வரலாம்.

இனி, எந்தக் காடு என்னும் வினா. நம் பள்ளிகள் காட்டைக் காட்டுவதாக எண்ணிச் செய்வது, ஆண்டுக்கொருமுறை முதுமலைக்கோ முண்டந்துறைக்கோ பேருந்தில் ஏற்றிச்சென்று, புலி வருமா வருமா என்று ஜன்னல் வழியே நோக்கவைத்து, மானையும் மயிலையும் கண்டு திரும்புவது. புலிகள் காப்பகம் புலிக்காக இருக்கிறது. அங்கே இறங்கி நடக்கவும், இலையைப் புரட்டவும், ஒரே இடத்தில் ஒரு நாழிகை உட்காரவும் குழந்தைகளுக்கு இயலாது, இயலவும் கூடாது. கல்விக்கு வேண்டியது பெருங்காடு அன்று. நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள, யானையும் கரடியும் இல்லாத, ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போகத் தகுந்த சிறுகாடு. ஐயனார் கோயிலைச் சூழ்ந்த கோயில்காடு, ஏரிக்கரைப் புதர், ஊர்ப்புறத்துக் கரடு, மேய்ச்சல் நிலத்து முட்காடு ஆகியவை நம் ஜில்லாக்களில் ஏராளம். சோழமண்டலக் கரையோரத்தில் சில கோயில்களைச் சுற்றி எஞ்சியிருக்கும் உலர்ந்த பசுமைமாறாக் காடுகள் உலகிலேயே அரியவை. அவற்றில் ஒரு துண்டு சென்னை நகரத்துக்குள்ளேயே, ஒரு காலத்தில் கவர்னரின் வேட்டைக்காடாக இருந்து 1978-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கிண்டியில், ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், வெளிமானும் புள்ளிமானும் நரியும் கீரியுமாக நிற்கிறது. நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வராகிய மா. கிருஷ்ணன் 1950 தொடங்கி 1996-இல் இறக்கும் வரையில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இடையறாது எழுதிவந்த இயற்கைக் குறிப்புகளில், யானைகளுக்கு இணையாகக் காகத்துக்கும் அணிலுக்கும் ஓணானுக்கும் இடம் உண்டு. அருகில் உள்ளதைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கே தொலைவில் உள்ளதும் புலப்படும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடையாது.

அத்தகைய சிறுகாடு ஒன்றில் ஓராண்டில் குழந்தைகள் என்னதான் காணலாம் என்று கேட்போருக்குச் சிறிது விரிவாகவே விடை கூற வேண்டும். கோடையில், மரத்தடியின் காய்ந்த பொடிமண்ணில் புனல்போன்ற சிறு குழிகள் இருக்கும். ஒரு மணற்பருக்கையை அதில் உருட்டிவிட்டால், அடியில் ஒளிந்திருக்கும் குழியானை மண்ணை வாரி மேலே எறியும். எறும்பு தவறி விழுந்தால் அதன் கதி என்ன என்று குழந்தைகள் பார்ப்பார்கள். அந்தப் புழுவே பின்னர் தும்பியைப் போன்ற சிறகுள்ள பூச்சியாகப் பறக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்து, நாள்தோறும் எறும்பு இரை கொடுத்துவந்தால், சில வாரங்களில் தாமே காண்பார்கள். முதல் மழை பெய்த மறுநாள், புல்தரையில் சிவப்புப் பட்டுத் துணுக்குகள்போல் தம்பலப்பூச்சிகள் ஊரும். கால்களை எண்ணச் சொல்ல வேண்டும். ஆறு இருக்கும் என்று நினைத்து எண்ணத் தொடங்கிய குழந்தை, எட்டு என்று கண்டு, மீண்டும் எண்ணி, இது பூச்சி இனமே அன்று, சிலந்திக்கு உறவு என்ற முடிவுக்குத் தானே வந்துசேரும்போது, பூச்சி வகைப்பாடு என்னும் பாடம் ஒரு வரியும் படிக்காமலே முடிந்துவிடுகிறது.

மாமரத்திலும் நாவலிலும் இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்துபோன்ற கூடுகளை முசுறு எறும்புகள் கட்டும். எறும்புகள் ஒன்றன் இடுப்பை ஒன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கி இரண்டு இலைகளின் விளிம்புகளை அருகருகே இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்விக் கொண்டுவந்து, இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாக மாறி மாறித் தொடவைத்து, அவற்றின் வாயிலிருந்து சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டவைக்கும். பிள்ளையையே கருவியாகக் கொண்டு வேலைசெய்யும் இந்த அதிசயத்தை, கடிபடாத தூரத்தில் நின்று பொறுமையோடு காண அரைமணி போதும். பன்னிரண்டு வயதினருக்கோ அத்திமரம் ஒன்றே ஒரு பருவத்துக்குப் பாடமாகும். அத்தி பூத்ததைக் கண்டவர் இல்லை என்பது நம் வழக்கு. காயைப் பிளந்து கைலென்ஸால் பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. கடுகினும் சிறிய ஒரு குளவி, காயின் வாயிலுள்ள நுண்துளை வழியே சிறகு முறிய உள்ளே நுழைந்து, தான் கொண்டுவந்த மகரந்தத்தை அப்பூக்களில் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு மடிகிறது. அதன் சந்ததியில், சிறகே இல்லாத ஆண்கள் பெண்களோடு கூடி, அவை வெளியேறச் சுரங்கம் தோண்டிவிட்டு இறக்கின்றன. பெண்கள் மகரந்தம் சுமந்து வேறு மரத்தைத் தேடிப் பறக்கின்றன. ஆலுக்கும் அரசுக்கும் இவ்வாறே உரிய குளவிகள் உண்டு. இந்தக் குளவி அழிந்தால் மரம் காய்த்து விதையீனாது; மரம் பழுக்காவிட்டால் பச்சைப்புறாவுக்கும் குக்குறுவானுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் உணவில்லை. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்று பாடப்புத்தகம் ஒரு வாக்கியத்தில் கூறிச்செல்வதை, ஒரு காயைப் பிளந்து காட்டுவது இப்படி விளக்கிவிடுகிறது.

விலங்குகளைப் பொறுத்தவரையில், பிராணியைக் காண்பதைவிட அதன் அடையாளங்களைக் காண்பதே குழந்தைகளுக்கு உகந்தது. பெரும்பாலான காட்டு விலங்குகள் இரவில் திரிபவை. பகலிற் செல்லும் நாற்பது பேரின் காலடி ஓசையை நெடுந்தூரத்திலேயே கேட்டு விலகுபவை. முயற்புழுக்கை, விதைகள் நிறைந்த புனுகுப்பூனையின் எச்சம், முள்ளம்பன்றி கழித்த முள், ஈரமண்ணில் பதிந்த கீரியின் தடம் ஆகியவை விலகி ஓடமாட்டா. கூகை தங்கும் பாழ்மண்டபத்தின் தரையிலே அது கக்கிய உருண்டைகள் கிடக்கும். ஒன்றை நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால், இரண்டு மூன்று எலிகளின் மண்டையோடுகளும் தாடைகளும் விலாவெலும்புகளும் முழுமையாகக் கிடைக்கும். அவற்றைக் கறுப்புக் காகிதத்தில் ஒட்டி ஓர் எலியின் உடலைக் குழந்தைகள் அமைத்துவிடுவார்கள். கூகை அபசகுனம் என்று கல்லெறியும் ஊரில், அது ஓர் இரவில் எத்தனை எலியைத் தின்றது என்று எண்ணிப் பார்த்த குழந்தை கல்லெடுக்காது.

உடன் அழைத்துச்செல்ல யாரும் இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். காடறிந்தவர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராகக் கருதும் வழக்கம் மட்டுமே நம்மிடம் இல்லை. 1987-இல் அகத்தியமலைப் பகுதியில் ஆராய்ச்சிக்குச் சென்ற விஞ்ஞானிகள் ஏறமாட்டாமற் களைத்தபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு பழத்தை மென்றுகொண்டு சிரமமின்றி நடப்பதைக் கண்டு விசாரித்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகை வெளியுலகுக்குத் தெரியவந்தது அவ்வாறுதான். அதிலிருந்து செய்த மருந்தின் வருவாயில் காணி மக்களுக்குப் பங்கு கொடுக்க ஏற்பாடாயிற்று. கேரளத்து வாழச்சால் காட்டில் காடர் இன மக்கள் இருவாசிப் பறவைகளின் கூடுகளைக் காவல் காத்து, பெட்டை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொள்ளும் நாள், சேவல் கொண்டுவரும் கனிகள் முதலியவற்றைப் பதிவு செய்துவருகிறார்கள். செங்கல்பட்டுப் பகுதி இருளருடன் ஒரு காலைப்பொழுது நடந்தால், மண்ணிலுள்ள கோட்டைக் கண்டு போனது சாரையா விரியனா என்று சொல்லும் வித்தையைக் காணலாம். இவர்களைப் பள்ளிகள் அழைக்க வேண்டும். அழைத்தால் வேடிக்கை காட்டுவோராக நிறுத்தாமல், மற்ற ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் கொடுத்து அழைக்க வேண்டும். தன் தகப்பனார் வகுப்பின் முன் நின்று கற்பிப்பதைக் காணும் இருளச் சிறுவனுக்கு அதனால் விளையும் நன்மையை அளவிட்டுச் சொல்ல முடியாது.

அபாயத்தைப் பற்றி மழுப்பாமற் பேச வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது சராசரி ஆண்டுக்கு 58,000 பேர், மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆனால் இம்மரணங்களிற் பெரும்பகுதி கிராமங்களில், வீட்டிலும் வயலிலும், மழைக்காலத்தில் நேர்ந்தவை என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கையும் பார்த்த மாத்திரத்தில் அறியவும், கடிபட்டால் அறுக்காமலும் இறுகக் கட்டாமலும் அசையாமல் வைத்து விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும் தெரிந்த குழந்தை, காட்டுக்கே போகாத குழந்தையைவிடத் தன் வீட்டிலேயே பத்திரமாக இருக்கும். மூடிய காலணி, பத்துக் குழந்தைக்கு ஒரு பெரியவர், கையை நுழைக்குமுன் கழியால் தட்டுதல், மலைத்தேனீயோ கடந்தையோ கூடுகட்டிய மரத்தை முன்னதாகவே ஆசிரியர் பார்த்துவைத்து விலகல், வெயில் ஏறுமுன் திரும்புதல் ஆகிய நியமங்கள் கண்டிப்பாக அனுசரிக்கப்பட வேண்டும். காட்டுக்கும் நம்மால் அபாயம் உண்டு. சரணாலயங்களில் எதையும் பறித்தும் பிடித்தும் வருவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மற்ற இடங்களிலும் உதிர்ந்த இலை, விழுந்த விதை, கிடந்த இறகு ஆகியவற்றைக்கூடப் பார்த்து வரைந்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. 1991-இல் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவின் உள்ளம் பெரியது; ஆனால் நடைமுறையில் அது பரீட்சைக்குரிய மற்றொரு புத்தகமாயிற்று. ஓசோன் படலத்தின் ஓட்டை, உருகும் பனிப்பாறை, அழியும் இனங்களின் பட்டியல் என்று ஒன்பது வயதுக் குழந்தைக்கு உலகத்தின் நோய்களை முதலிற் சொல்லிவிடுகிறோம். டேவிட் சோபெல் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1996-இல் இதைக் கண்டித்து, தான் பழகி அறியாத ஒன்றின் அழிவைக் கேட்கும் குழந்தையின் மனம் அச்சத்தால் அதினின்றும் விலகவே முயலும் என்று எழுதினார். அவர் சொன்னது சரி என்றே நான் கருதுகிறேன். பழக்கம் முன்னும் கவலை பின்னுமாக வருவதே மனித சுபாவம்.

இக்கல்வியின் பலன்களை அளக்க முயன்றவர்களும் இருக்கிறார்கள். லூயிஸ் சாவ்லா என்னும் அம்மையார் அமெரிக்காவின் கென்டக்கியிலும் நார்வேயிலும் இயற்கைப் பாதுகாப்பில் ஈடுபட்டோரைக் கண்டு, உங்களை இதில் ஈடுபடுத்தியது எது என்று கேட்டபோது, பெரும்பாலோர் குறிப்பிட்டவற்றுள் முதன்மையானவை இளமையில் ஓரிடத்தில் நெடுநாள் திரிந்த அனுபவமும், குடும்பத்தில் அவதானத்தைக் கற்பித்த ஒரு பெரியவரும் ஆகும். சீன தேசத்துக் குவாங்ஜோவில் ஆறேழு வயதுக் குழந்தைகளை நாள்தோறும் நாற்பது நிமிஷம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்து மூன்றாண்டு பார்த்ததில், கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டவர் நூற்றுக்கு 30 பேர். அவ்வாறு செய்யாத பள்ளிகளில் 39-க்கு மேல். 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி பின்லாந்தில், குழந்தைக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையை மண்ணோடு பெயர்த்து வந்து பரப்பி, 28 நாட்களுக்குப் பின் சோதித்தபோது, குழந்தைகளின் தோலிலுள்ள நுண்ணுயிர்களின் வகைகள் பெருகி, நோயெதிர்ப்புச் சக்தியின் குறிகளும் மாறியிருந்தன. பின்னைய இரண்டும் உடல்நலத்தைக் கூறுவனவேயன்றிக் கல்வியைக் கூறுவன அல்ல. அவற்றைக் காட்டி மேடையில் அதிகமாகப் பேசுவது முறையாகாது. சாவ்லா அம்மையாரின் ஆராய்ச்சியே நம் விஷயத்துக்கு நேரானது. ஓரிடம், நெடுநாள், ஒரு பெரியவர் என்னும் மூன்றும் ஒரு நாள் சுற்றுலாவில் கூடிவர வழியில்லை.

ஆகவே ஒரு பள்ளி உடனே செய்யக்கூடியது, மைல் கணக்கில் போகாமல், எட்டும் தூரத்தில் ஒரு சிறுகாட்டையோ கோயில்தோப்பையோ தேர்ந்து, ஒவ்வொரு வகுப்பும் மாதத்துக்கு இரண்டு முறையேனும் அங்கே சென்று, கண்டதை ஒரே பெரிய பதிவேட்டில் எழுதிவைப்பதாகும். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார் 1736-இல், ஓக் மரம் தளிர்ப்பதும் தகைவிலான் வருவதுமான வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். அவர் வம்சத்தார் 1958 வரை அதை விடாது தொடர்ந்தனர். அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1850-களில் காங்கார்டு ஊரைச் சுற்றி நடந்து எழுதிவைத்த பூக்கும் நாட்களை, பாஸ்டன் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பிரிமாக் குழுவினர் இக்காலத்து நாட்களோடு ஒப்பிட்டு, பூக்கள் சராசரி ஒரு வாரம் முந்திவிட்டன என்று கண்டறிந்தனர். எழுதியவர்கள் ஆராய்ச்சிக்கூடம் உடையவர்கள் அல்லர். ஒரே இடத்தை விடாமற் பார்த்தவர்கள். நம் ஊர்களில் புங்கம் தளிர்ப்பதும், கொன்றை பூப்பதும், குயில் கூவத் தொடங்குவதும், தூக்கணாங்குருவி முதல் நாரைக் கிழிப்பதும், ஈசல் பறப்பதும் எந்தத் தேதியில் நிகழ்கின்றன என்பதற்கு நூறாண்டுக் கணக்கு எங்கும் இல்லை. பள்ளியின் பதிவேட்டில் தேதி, நேரம், இடம், மழை வெயில் நிலை, கண்டது, கண்ட குழந்தையின் பெயர் ஆகியவை ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட வேண்டும். காணாததையும், அதாவது வழக்கமாகப் பூக்கும் மரம் இவ்வாண்டு பூக்கவில்லை என்பதையும், எழுத வேண்டும். சந்தேகமானதைச் சந்தேகம் என்றே குறித்து, பக்கத்தில் படம் வரைந்து வைக்க வேண்டும். ஆண்டு முடிவில் அந்த ஏட்டைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாமல் தலைமையாசிரியரின் அலமாரியில் பூட்டிவைத்து, அடுத்த ஆண்டு வரும் வகுப்பின் கையில் முதல் நாளே கொடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும்.